திறப்பில் எழுதி ஒட்டியது

என்னை அடித்த பொலிஸ்காரன் எந்தப் படையைச் சேர்ந்தவன் என்று இங்கே சொல்லப்போவதில்லை. பலேர்மோவில் உடுப்புப் போட்ட படைகளுக்குக் குறைவில்லை. ஒன்று மறிக்காவிட்டால் இன்னொன்று மறித்துக் கடதாசி கேட்கும். அடித்தவனுக்குத் தெரியும், வாங்கிய எனக்கும் தெரியும், அது போதும்.

நான் வீடு துப்புரவாக்குகிறவன். இருபத்திரண்டு வருடமாக இதுதான் தொழில். அப்போது என் கையில் நாலு வீடுகள் இருந்தன, நாலுக்கும் தனித்தனித் திறப்பு. திறப்பு என்றால் சாவி; எங்கள் வாயில் அப்படித்தான் வரும். வீட்டுக்கார அம்மாக்கள், எங்கள் வாயில் சிஞ்ஞோராக்கள், வேலைக்கோ கோயிலுக்கோ போயிருப்பார்கள். நான் திறந்து உள்ளே போய், கூட்டித் துடைத்து, பூட்டிக்கொண்டு வருவேன். தும்புத்தடி பிடிக்க யாராலும் முடியும். திறப்பை நம்பிக் கொடுப்பார்களா என்பதில்தான் இந்தத் தொழிலே இருக்கிறது. கள்ளன் என்ற சொல் ஒருதரம் ஒட்டிவிட்டால் பிறகு இந்த ஊரில் எனக்கு ஒரு கதவும் திறக்காது.

எங்கள் ஆட்களுடைய ஒரு பழக்கத்தையும் சொல்லவேண்டும். திருவிழாவுக்கோ கலியாணத்துக்கோ ஊருக்குப் போகும்போது, எங்கள் வீடுகளை இன்னொரு தமிழரிடம் ஒப்படைத்துவிட்டுத்தான் போவோம். ஒரு மாதம் அவர் பார்ப்பார், வந்ததும் திருப்பித் தருவார். புதிதாகப் போகிறவருக்குச் சிஞ்ஞோராவின் பெயர் தெரிந்து என்ன பயன்? குணம் தெரிந்தால்தான் பிழைப்பார். ஆகவே திறப்பில் வெள்ளைப் பிளாஸ்ரர் துண்டு ஒன்றைச் சுற்றி, அதில் வீட்டின் குணத்தைத் தமிழில் எழுதிவிடுவோம். என் நாலு திறப்பிலும் எழுதியிருந்தவை இவை: பூனை மணம். சத்தமாக் கதை. மகா கஞ்சம். பிசாசு.

இதில் யார்மேலும் வஞ்சம் கிடையாது. 'வளைவு, மெதுவாகச் செல்லவும்' என்று வீதியில் எழுதிவைப்பதில்லையா, அந்த மாதிரி. தமிழ் வாசிக்கத் தெரிந்த சிஞ்ஞோரா இன்னும் பிறக்கவில்லை என்ற துணிச்சலும் இருந்தது, அதை மறைக்கவில்லை.

ஒரு செவ்வாய்க்கிழமை காலை, பூனை வீட்டை முடித்துக்கொண்டு கபோ சந்தைக்குள்ளால் நடந்து வந்தேன். இரண்டு பொலிஸ்காரர் மறித்தார்கள். இங்கே இருப்பதற்கான அனுமதிக் கடதாசியை, பெர்மெசோவை, காட்டினேன். இளையவன் அதை வாங்கிப் பார்த்துவிட்டு, பையைத் திறக்கச் சொன்னான். தும்புத்தடித் தலை, கையுறை, துடைக்கிற துணி, கடைசியில் நாலு திறப்பு.

"ஆரின்ரை வீட்டுத் திறப்பு?"

இத்தாலியன் மொழியில்தான் கேட்டான். எனக்கு எல்லாம் எங்கள் ஊர்ப் பேச்சில்தான் ஞாபகம் இருக்கிறது, அப்படியே எழுதுகிறேன்.

"நான் வேலை செய்யிற வீடுகள்."

"இதிலை என்ன எழுதியிருக்கு?"

பூனை மணம் என்பதையாவது சொல்லியிருக்கலாம். ஆனால் ஒன்றைச் சொன்னால் மற்ற மூன்றையும் கேட்பான். கபோவில் ஒன்றைச் சொன்னால் பின்னேரத்துக்குள் கடற்கரைப் பக்கம் கால்சா வரைக்கும் போய்விடும், பிசாசு இருப்பது கால்சாவில்தான். நான் பேசாமல் நின்றேன். திரும்பவும் கேட்டான். திரும்பவும் பேசாமல் நின்றேன். மூன்றாம் முறை அவன் கேட்கவில்லை. செவிட்டைப் பொத்தி ஓர் அறை விட்டான். "கள்ளன்" என்று சந்தைக்கே கேட்கிறமாதிரிக் கத்தினான்.

ஒலிவ் விற்கிறவர் பார்த்தார், வாள்மீன் வெட்டுகிறவர் கத்தியை உயர்த்தியபடியே பார்த்தார், கன்னியாஸ்திரி ஒருவர்கூடப் பார்த்தார். கபோவில் எல்லாரும் எல்லாவற்றையும் பார்ப்பார்கள். பிறகு கேட்டால் அந்த நேரம் பார்த்து எல்லாருக்கும் கண்ணில் தூசி விழுந்திருக்கும்.

என்னைப் பொலிஸ் நிலையத்துக்குக் கூட்டிக்கொண்டுபோய் ஒரு மர வாங்கில் மூன்று மணித்தியாலம் இருத்தினார்கள். ஒன்றும் எழுதவில்லை, யாரும் ஒன்றும் கேட்கவில்லை. பிறகு போகச் சொன்னார்கள். திறப்பைக் கேட்டேன். "போறியோ, இல்லாட்டி இருக்கிறியோ?" என்றான் இளையவன். போய்விட்டேன்.

அந்த ஞாயிறு பூசை முடிந்து வெளியே நின்றபோது எங்கள் ஆட்கள் எல்லாரும் ஒரே புத்திதான் சொன்னார்கள். "பொலிசோடை கொழுவாதை. பெர்மெசோ புதுப்பிக்கப் போகேக்கை தெரியும் விளையாட்டு." பொலிசோடு கொழுவிக் கெட்டவர்களைப்பற்றி ஆளுக்கொரு கதை வேறு வைத்திருந்தார்கள். நானும் வாயை மூடிக்கொண்டிருக்கத்தான் நினைத்தேன். ஆனால் திறப்பு இல்லாமல் எந்த வீட்டுக்குள் போவது? நாலு சிஞ்ஞோராக்களிடமும் மணியை அடித்து உண்மையைச் சொல்லித்தான் ஆகவேண்டும்.

முதலில் பிசாசிடம் போனேன். அடி வாங்குவதானால் பெரிய அடியை முதலில் வாங்கிவிடுவது நல்லது. பிசாசு என்று நான் பெயர் வைத்தவர் நீதிமன்றத்தில் முப்பது வருடம் எழுதுநராக இருந்து இளைப்பாறியவர். லிப்ற் இல்லாத நாலாம் மாடி. நான் துடைத்த மேசையை விரலால் தடவிப் பார்ப்பார், பிறகு அந்த விரலை எனக்குக் காட்டுவார். நான் சொன்னதை முழுவதும் கேட்டார். அறைந்ததைச் சொன்ன இடத்தில் அவர் முகம் அசையவில்லை. திறப்பு வந்த இடத்தில் எழும்பிவிட்டார்.

"பறிச்சதுக்குக் கடதாசி தந்தவங்களோ?"

"இல்லை, சிஞ்ஞோரா."

"கடதாசி இல்லாமல் என்ரை திறப்பை எடுத்தவனோ?"

என் கன்னத்துக்கு வராத கோபம் கடதாசிக்கு வந்தது. அன்றைக்கே இருந்து முறைப்பாட்டை அவரே எழுதினார். ஐந்து பக்கம். என்னுடைய கன்னம் நாலாம் பக்கத்தில்தான் வந்தது.

பொலிஸ்காரரை விசாரிப்பதற்கென்று ஒரு மேலிடம் இருக்கிறது என்று அப்போதுதான் எனக்குத் தெரியும். சில கிழமைக்குப் பிறகு அங்கேயிருந்து கடிதம் வந்தது. அடித்தவன் எழுதிக் கொடுத்த பதிலும் கூடவே இருந்தது. சிஞ்ஞோரா மூக்குக்கண்ணாடியைப் போட்டு எனக்கு வாசித்துக் காட்டினார். திறப்புகளில் இரகசியக் குறிகள் இருந்தனவாம். எந்த வீட்டில் நகை, எந்த வீட்டில் நாய் என்று களவுக் கூட்டங்கள் எழுதிவைக்கும் வகையாம். விளக்கம் கேட்டபோது நான் மறுத்தேனாம். ஓட வெளிக்கிட்டு மீன்பெட்டியில் தடக்கி விழுந்ததில்தான் முகம் அடிபட்டதாம்.

"உண்மையிலை அதிலை என்ன எழுதியிருக்கு?" என்று சிஞ்ஞோரா கேட்டார். உலகத்தில் ஒருவராவது இதைக் கேட்பார் என்று எனக்குத் தெரியும். அது இவராக இருக்கும் என்றுதான் நினைக்கவில்லை.

"வீட்டு அடையாளம், சிஞ்ஞோரா. நாலாம் மாடி... அந்த மாதிரி."

"அருமை! சத்தியம் செய்த மொழிபெயர்ப்பாளர் ஒருவரைக் கேப்பம். எல்லார் முன்னாலையும் வாசிக்கட்டும். அதோடை அவன் முடிஞ்சான்."

முடியப்போவது யார் என்று எனக்கல்லவா தெரியும். வீட்டுக்குப் போய் மனுசியிடம் முறைப்பாட்டைத் திருப்பி எடுக்கப்போகிறேன் என்றேன். காரணத்தைச் சொன்னதும் அவள் சிரித்த சிரிப்பில் மேல்வீட்டுக்காரி சுவரில் தட்டினாள். கண்ணைத் துடைத்துவிட்டுத்தான் பேசினாள்.

"இஞ்சாருங்கோ, எழுதினது பிழைதான். நாலு வேலையும் போகும், போகட்டும். வேறை வேலை தேடலாம். திருப்பி எடுத்தியளெண்டால் கள்ளன் எண்ட பேர்தான் மிஞ்சும். அதோடை என்னெண்டு வேலை தேடுறது?"

அவள் சொன்னது சரி என்பதுதான் எனக்குப் பிடிக்கவில்லை.

விசாரணை நாளன்று அறைக்கு வெளியே நடையில் நாலு சிஞ்ஞோராக்களும் வரிசையாக நாலு கதிரையில் இருந்தார்கள். ஒவ்வொருவரும் தன் திறப்பை அடையாளம் காட்டிக் கையெழுத்து வைக்கவேண்டும். நாலு பேரும் முதல்முறையாகச் சந்திக்கிறார்கள், என்னைப்பற்றி நல்லதாகவே கதைத்துக்கொண்டிருந்தார்கள். அதைக் கேட்டுக்கொண்டு நிற்க முடியாமல் மொழிபெயர்ப்பாளரைத் தேடிப்போனேன்.

மொழிபெயர்ப்பாளர் எங்கள் ஆள்தான். இங்கேயே வளர்ந்த பெண், சனிக்கிழமைகளில் பிள்ளைகளுக்குத் தமிழ் படிப்பிக்கிறவர். ஒரு மூலைக்குக் கூப்பிட்டேன்.

"தங்கச்சி, பிசாசு எண்டு ஒண்டு வரும். அதைச் சம்மனசு, தேவதூதர் எண்டு வாசிக்க ஏலாதோ?"

"அண்ணை, சத்தியம் செய்திட்டன். பிசாசைச் சம்மனசாக்கினால் எனக்கு நரகம்தான்."

எல்லாரையும் உள்ளே கூப்பிட்டார்கள். மேசைக்கு அப்பால் நரைத்த தலையோடு ஒரு அதிகாரி அம்மா. பக்கத்தில் தட்டெழுதுகிற பெண். எதிரில் என்னை அடித்தவன், அவனுடைய வக்கீல். மேசையில் பிளாஸ்டிக் பையில் என் நாலு திறப்பும். இவ்வளவு நாளும் அவை அவனுடைய மேசை லாச்சிக்குள்தான் கிடந்தனவாம், எந்தப் பதிவிலும் ஏறாமல். அது ஏற்கெனவே நிரூபணமாகியிருந்தது. அறைந்ததற்குத்தான் சாட்சி இல்லை. கபோவில் விசாரித்தார்களாம், அத்தனை பேருடைய கண்ணிலும் தூசி.

தங்கச்சி முதல் திறப்பை எடுத்து வாசித்தார். "பூனை மணம்."

"மூண்டு பூனை இருக்கிற வீடு," என்றார் பூனைச் சிஞ்ஞோரா, "பின்னை ரோசாப்பூவோ மணக்கும்?" கையெழுத்து வைத்தார்.

"சத்தமாக் கதை."

"என்ன?" என்றார் அதற்குச் சொந்தக்காரி.

தங்கச்சி திரும்பச் சொன்னார். "என்ன?" அதிகாரி அம்மாவும் சொல்லிப் பார்த்தார். "என்ன?" கடைசியில் வக்கீல் உட்பட எல்லாரும் சேர்ந்து கத்தினோம். "ஓம், சரிதானே," என்றார் அவர், எங்கள் கத்தலைப் பார்த்துக் கொஞ்சம் மனவருத்தத்தோடு.

"மகா கஞ்சம்."

மூன்றாம் சிஞ்ஞோரா என்னைத் திரும்பிப் பார்த்தார். சவர்க்காரத் தூளைக் கரண்டியால் அளந்து தருகிறவர். "தூள் கூடினால் குழாய் அடைக்கும்!" என்றார். கையெழுத்து வைத்தார், திறப்பை எடுத்துத் தன் பைக்குள் போட்டு, பையைப் பூட்டினார். அந்த வேலை அந்த இடத்திலேயே போய்விட்டது.

நாலாவது. தங்கச்சி மூச்சை இழுத்துவிட்டுச் சொன்னார். "பிசாசு."

தட்டெழுதுகிற பெண் கையைத் தூக்கிக்கொண்டு அதிகாரி அம்மாவைப் பார்த்தாள். அவர் நாலாவது சிஞ்ஞோராவைப் பார்த்தார். நான் நிலத்தைப் பார்த்தேன். அந்த நிலம் வெடித்து என்னை விழுங்கினால் நல்லது என்று மனதாரக் கேட்டேன்.

"எழுதுங்கோ," என்றார் சிஞ்ஞோரா. "வாசிச்சதை அப்படியே எழுதுறதுதான் முறை."

அப்போதுதான் அடித்தவன் சிரிக்கத் தொடங்கினான். அடக்கிப் பார்த்தான், முடியவில்லை. தொடையில் தட்டித் தட்டிச் சிரித்தான்.

"இவ்வளவுதானோ? அண்டைக்குச் சந்தையிலையே இதைச் சொல்லியிருந்தால் நான் ஏன் இவனை அடிக்கப்போறன்!"

வக்கீல் கண்ணை மூடிக்கொண்டார். அவனுடைய சிரிப்பு மட்டும் தனியாகக் கொஞ்சத் தூரம் ஓடிப்போய் நின்றது. தட்டெழுதுகிற பெண் இந்த முறை யாரையும் பார்க்கவில்லை, தானாகவே தட்டினாள்.

பிறகு நடந்ததையும் இப்போதே சொல்லிவிடுகிறேன். அவனை மறியலில் போட்டுப் பூட்டவில்லை, அப்படி யாரும் கற்பனை செய்யவேண்டாம். சில மாதம் வேலையிலிருந்து நிறுத்தி, பிறகு ஆட்களோடு முட்டுப்படாத ஏதோ ஒரு மேசைக்கு அனுப்பினார்கள். எங்கள் ஆட்களில் பாதிப்பேர் அது காணாது என்றார்கள். மற்றப் பாதிப்பேர் அவ்வளவு நடந்ததே அதிசயம் என்றார்கள். நான் எந்தப் பாதி என்று இன்னும் தெரியவில்லை.

அன்றைக்கு அந்த அறையில், எழுதியதை எல்லாருக்கும் வாசித்துக் காட்டினார்கள். தங்கச்சி ஒவ்வொரு வரியாக எனக்குத் தமிழில் சொன்னார். எனக்கு இத்தாலியன் விளங்கும். ஆனாலும் தமிழில் கேட்கவேண்டும்போல் இருந்தது. "இவர் எந்தக் குற்றமும் செய்யவில்லை. திறப்புகள் உரிமையாளர்கள் நம்பிக் கொடுத்தவை. சந்தையில், ஆட்கள் பார்த்திருக்க, இவர் பொலிஸாரால் கன்னத்தில் அறையப்பட்டார்."

அடித்த நாளில் நான் அழவில்லை. வாங்கில் இருந்த மூன்று மணித்தியாலமும் அழவில்லை. அந்த வரியைக் கேட்டு, நாலு சிஞ்ஞோராக்கள் முன்னால், மூக்கு ஒழுக ஒழுக அழுதேன். வெட்கமாக இருந்தது, நிற்பாட்ட முடியவில்லை.

"கடதாசியிலை விழாமல் அழும்," என்றார் பிசாசுச் சிஞ்ஞோரா, தன்னுடைய கைலேஞ்சியை நீட்டியபடி. "நனைஞ்சால் திருப்பித் தட்டவேணும்."

துடைத்துக்கொண்டு கையெழுத்து வைத்தேன். பிறகு அதிகாரி அம்மா பேனையை அடித்தவனிடம் கொடுத்தார். அவன் வாங்கி, குனிந்து, என் பெயருக்குக் கீழே தன் பெயரை எழுதினான்.