இறந்தவரின் இளைய சகோதரி

என் அண்ணன் சாவு வீடுகளில் பாடுகிறவன். பகலில் துறைமுகத்தில் மூட்டை இறக்குவான். வியாசர்பாடியிலோ புளியந்தோப்பிலோ யாராவது செத்தால் ஆள் வந்து கூட்டிக்கொண்டு போகும். நான் இசைத்துறையில் ஆராய்ச்சி மாணவி. அண்ணன் பாடுகிற அந்த மரண கானாதான் என் ஆராய்ச்சி. ஆனால் அவன் பாடியதில் ஒரு வரிகூட என்னிடம் பதிவாகி இருக்கவில்லை. டேப் ரெக்கார்டரைக் கையில் எடுத்தாலே, "செத்த வூட்டு அழுகைய புட்சிகினு போயி நீ மார்க் வாங்கணுமா?" என்று கத்துவான். கேட்டுக் கேட்டு எனக்கும் அலுத்துப்போனது.

பிறகு அவன் தொண்டையில் கட்டி வந்தது. குரல்வளையை எடுத்தால்தான் உயிர் தங்கும் என்று டாக்டர் சொல்லி, ஆபரேஷனுக்கு நாளும் குறித்துவிட்டார். அதற்கு முந்தைய வாரம் அந்த மாநாடு வந்தது. இரண்டாயிரம் பிறந்து சில வருடங்கள் ஆகியிருந்தன. இன்டர்நெட்டில் மாநாடு நடத்துவதே அப்போது அதிசயம். வெளிநாட்டுப் பல்கலைக்கழகம் ஒன்று சாவுப் பாடல்களைப் பற்றி நடத்தியது. என் கட்டுரையை எடுத்துக்கொண்டார்கள். பாடகரே நேரில் பாடினால் நல்லது, எல்லாவற்றையும் பதிவு செய்து வைப்போம் என்று எழுதியிருந்தார்கள். கட்டுரை எக்கேடோ கெட்டுப் போகட்டும், எனக்கு அந்தப் பதிவு வேண்டும். அண்ணன் குரல் எங்கேயாவது ஓரிடத்தில் மிஞ்ச வேண்டும். காலில் விழாத குறையாகக் கேட்டேன்.

"ஒரு வாட்டி பாடறேன். இன்னொரு வாட்டி கேக்காத," என்றான். அப்போதே குரல் கரகரத்துக்கொண்டிருந்தது.

வண்ணாரப்பேட்டையில் ஒரு துணிக்கடைக்கு மேலே பிரவுசிங் சென்டர் இருந்தது. விஷயத்தைச் சொன்னதும் கடைக்காரர் அலறினார். "சாவுப் பாட்டா? கட வெளங்குமாம்மா? வூட்ல கொயந்த குட்டி கீது." அண்ணனைப் பார்த்ததும் அவருக்கு அடையாளம் தெரிந்துவிட்டது. அவருடைய அப்பா செத்தபோது பாடியவன் இவன்தான். சாமி படங்களைச் சுவர்ப் பக்கம் திருப்பி வைத்தார், ஷட்டரைப் பாதி இறக்கினார், வெளியே போய் நின்றுகொண்டார்.

மைக் வைத்த ஹெட்போன் ஒன்றே ஒன்று இருந்தது. அதை அண்ணன் தலையில் மாட்டப் போனால் தட்டிவிட்டான்.

"காத மூடிக்கினு எப்டி பாடறது? அழுவுறது காதுல வியணும்."

அவன் பாடுகிற விதம் அது. சாவு வீட்டில் காதைத் திறந்துவைத்துக்கொண்டுதான் பாடுவான். தாய்க்காரி ஓங்கி அழுதால் பாட்டு தாயிடம் போகும். பெண்டாட்டியின் அழுகை அடங்கிப்போனால் அடுத்த வரி அவளை எழுப்பும். எழுதிவைத்துப் பாடுவதெல்லாம் கிடையாது. பாடி முடித்ததும் அவனுக்கே வரிகள் மறந்துபோகும். இங்கே அழுவதற்கு யாரும் இல்லை என்று சொன்னேன். கேட்கவில்லை. கடைசியில் நானே ஹெட்போனை மாட்டிக்கொண்டு உட்கார்ந்தேன். அவன் என் நாற்காலிக்குப் பின்னால் நின்றான். மாநாட்டு இணைப்பு வந்ததும் ஒலி எப்படி என்று கேட்டேன். தலைமை வகித்த அம்மையார், மிகத் தெளிவாகக் கேட்கிறது என்றார். நான் நம்பினேன்.

"பேரு சொல்லு," என்றான் அண்ணன். செத்தவர் பேரில்லாமல் அவனால் பாட்டை எடுக்க முடியாது. ஏதாவது ஒரு பேரை வைத்துக்கொள்ளச் சொன்னேன்.

"எந்தப் பேர சொன்னாலும் இந்த ஏரியால ஒருத்தன் உசுரோட கீறான். அவனுக்கு இன்னாத்துக்கு பாடணும்?"

பிறகு தன் பேரையே போட்டு ஆரம்பித்தான்.

எழுந்து அவன் வாயைப் பொத்தியிருப்பேன். ஆனால் அதே நேரம் காதில், வரிக்கு வரி ஆங்கிலத்தில் சொல்லுங்கள் என்றார் அந்த அம்மையார். சொன்னேன். இறந்தவரின் செருப்பு வாசலில் இருப்பதாகப் பாடகர் குறிப்பிடுகிறார். இறந்தவரின் நண்பர்கள் துறைமுகத்திலிருந்து வந்திருக்கிறார்கள். நான் விசும்புவது அவனுக்குக் கேட்டிருக்க வேண்டும், பாட்டு என்னிடம் திரும்பியது. இறந்தவரின் இளைய சகோதரிக்கு, இனிமேல் சோற்றை மூடி வைக்க வேண்டாம் என்று அறிவுறுத்தப்படுகிறது. இதையும் சொன்னேன், மூக்கை உறிஞ்சிக்கொண்டே.

பாட்டு முடிந்தது. இறந்தவர் பாடகருக்குத் தெரிந்தவரா என்று யாரோ கேட்டார்கள். ஆமாம் என்றேன். ஹெட்போனுக்குள் கைதட்டல் கேட்டது.

"இன்னா சொல்றாங்கோ?"

"கை தட்றாங்கண்ணா."

"செத்த வூட்ல எவன்மா கை தட்டுவான்?" என்று சிரித்தான். சிரிப்பு இருமலில் போய் முடிந்தது.

ஆபரேஷன் நடந்தது, உயிர் தங்கியது. கழுத்தில் ஓட்டையோடு வீட்டுக்கு வந்தான். சில வாரம் கழித்து மாநாட்டுப் பதிவு மின்னஞ்சலில் வந்தபோது, அவனையும் அழைத்துக்கொண்டு அதே கடைக்குப் போனேன். பாட்டுதானே போட்டுக் கேட்கப்போகிறோம் என்று கடைக்காரர் இந்த முறை சாமி படங்களைத் திருப்பவில்லை.

முதலில் நான் கேட்டேன். என் குரல் கணீரென்று இருந்தது. வாயோடு ஒட்டி வைத்த மைக் என்னை மட்டும்தான் வாங்கியிருந்தது. நான் மூச்சு விட்ட இடைவெளிகளில் பின்னால் என்னவோ இரைந்தது, கீழே தெருவில் லாரி போகிற மாதிரி. அதுதான் அண்ணன். திரும்பத் திரும்ப ஓட்டிப் பார்த்தேன். அந்த அம்மையாருக்குத் தெளிவாகக் கேட்டது நான்தான். எனக்கு அந்தக் கம்ப்யூட்டரைத் தூக்கித் தெருவில் எறியலாம் போல ஆத்திரம் வந்தது.

அண்ணன் என் தலையிலிருந்து ஹெட்போனைக் கழற்றித் தானே மாட்டிக்கொண்டான். இரண்டு காதையும் மூடிக்கொண்டு, முடிகிற வரைக்கும் என் இங்கிலீஷைக் கேட்டான். பிறகு திரையைக் காட்டி, என் வாயைக் காட்டி, கையை விரித்தான். நான் என்ன சொன்னேன் என்று கேட்கிறான்.

அவன் பாட்டை அவனுக்கே நான் சொல்ல வேண்டியிருந்தது. அன்றைக்கு இங்கிலீஷைத் தேடிக்கொண்டிருந்ததில் அவன் சொற்கள் எனக்கும் தங்கவில்லை. என் இங்கிலீஷைத் திரும்பத் தமிழாக்கினேன். வாசலில் செருப்பு கிடக்கிறது என்றேன். தோஸ்துங்கள் எல்லாம் ஹார்பரிலிருந்து வந்திருக்கிறார்கள் என்றேன். "சோத்த மூடி வெக்காத தங்கச்சி, துன்றவன் வரமாட்டான்," என்றேன். அதற்குமேல் என்னால் முடியவில்லை.

அப்படி இல்லை என்று தலையாட்டினான். எப்படி என்று சொல்ல வாயைத் திறந்தான். கழுத்து ஓட்டையிலிருந்து காற்று மட்டும் வந்தது.