தக்கை அமுங்கினால் வயிறு கலங்கும்

தூண்டில் சாமான் விற்கிறவனிடம் யாரும் மீன் வாங்க வருவதில்லை. ஆனால் எந்தக் குளத்தில் மீன் கடிக்கிறது என்று கேட்காமல் ஒருவரும் கடையை விட்டு இறங்குவதும் இல்லை. தொண்ணூறுகளில் திருநெல்வேலி வண்ணார்பேட்டையில் பஸ் ஹாரன் சத்தத்துக்கு நடுவே முள், நைலான் நரம்பு, மிதக்கிற தக்கை, ஈயக்குண்டு என்று தொங்கவிட்டு உட்கார்ந்திருந்தேன். கேட்கிறவர்களுக்குப் பதில் சொல்ல வேண்டுமே என்று ஞாயிற்றுக்கிழமைகளில் நானும் கம்பைத் தூக்கிக்கொண்டு வாடிக்கையாளர்களோடு கிளம்பிவிடுவேன். எனக்கு நீச்சல் தெரியாது. அதனால் தக்கையைப் பார்ப்பதைவிட என் கால் எங்கே இருக்கிறது என்று பார்த்துக்கொண்டிருந்ததுதான் அதிகம். தூண்டில் போடுவது நிம்மதியான காரியம் என்று சொல்கிறவர்கள் ரோட்டில் நின்று பார்த்துவிட்டுப் போகிறவர்கள். கம்பைப் பிடித்து உட்கார்ந்தவர்களுக்கு நான் சொல்லப்போவது புரியும்.

பெரிய விலாங்கு

பிச்சையா அண்ணாச்சி ரிட்டயர்டு கண்டக்டர். எந்தக் குளமானாலும் பஸ் நம்பரோடு சொல்லிவிடுவார். ஒரு வருஷம் ராதாபுரம் பக்கம் நல்ல மழை பெய்து குளமெல்லாம் பெருகிக் கிடந்தது. அண்ணாச்சி போட்ட தக்கை பட்டென்று அமுங்காமல் ஒரு பக்கமாகச் சாய்ந்து பைய உள்ளே போயிற்று. "விலாங்கு வே, பெருசு, துண்டை வச்சிப் புடியும்" என்றார். கரைக்கு வந்ததை நான் துண்டோடு அள்ளினேன்.

அள்ளியது என் கையைச் சுற்றி முழங்கை வரை இறுக்கிக்கொண்டது. தலையைத் தூக்கியபோதுதான் செதிலைப் பார்த்தேன். பாம்பு. விஷமுள்ளதா இல்லாததா என்று பார்க்கும் நிலைமையில் நான் இல்லை. உதறி எறியலாம் என்றால் நரம்பும் மணிக்கட்டில் சுற்றியிருந்தது. எறிந்தாலும் என்னிடமே திரும்பி வரும். அண்ணாச்சி ஒரு கவைக்கம்பை ஒடித்துக்கொண்டு, டிக்கெட் கேட்டு வருகிற மாதிரி நிதானமாக வந்தார். நரம்பை அறுத்துவிடுங்கள் என்று எப்படியோ சொல்லிவிட்டேன். அவர் அதன் கழுத்தைக் கவையில் அமுக்கிக்கொண்டு சொன்னார்: "அறுத்தா முள்ளோடல்லா போயிரும். இந்தச் சைஸு முள்ளு கடையில தீந்துபோச்சுன்னு நேத்துதான வே சொன்னீரு."

சேறு

வேலாயுதம் சார் பள்ளிக்கூட வாத்தியார். விரால் என்றால் உயிர். பங்குனியில் குளம் வற்றி நடுவில் மட்டும் கொஞ்சம் தண்ணீர் கிடக்கும்போது விரால் மூச்சு வாங்க மேலே வரும் என்று என்னையும் கூட்டிக்கொண்டு போனார். குளத்துத் தரை பாளம் பாளமாக வெடித்துக் கிடந்தது. மாடு நடந்த தடம் தெரிந்ததால் தைரியமாக நடந்தேன். தடம் எங்கே நின்றுபோயிருந்தது என்று கவனிக்கவில்லை.

முதலில் முழங்கால். காலை உருவப் பார்த்ததும் தொடை. அப்புறம் இடுப்பு. மேலே சேறு கொதித்தது, அடியில் ஐஸ் மாதிரி குளிர்ந்தது. அந்தக் குளிர்ச்சிக்குள் பாதத்துப் பக்கம் ஏதோ ஒன்று நெளிந்தது. கெளுத்தி மீனாக இருக்கும் என்று இப்போது சொல்கிறேன். அப்போது எனக்கு எந்தப் பேரும் தோன்றவில்லை. "காலை இழுக்காதீங்க. மல்லாக்கச் சாய்ஞ்சு கைய விரிச்சுக்கிடுங்க" என்று சார் வகுப்பில் பேசுகிற குரலிலேயே சொன்னார். சாய்ந்தால் முகமும் போய்விடும் என்று தோன்றியது. சார் கரைப்பக்கம் ஓடினார். விட்டுவிட்டுப் போகிறார் என்றே நினைத்தேன். வேறு வழியில்லாமல் சாய்ந்தேன். வானம் மட்டும் தெரிந்தது. காதுக்குள் சேறு மெதுவாக ஏறிக்கொண்டிருந்தது.

அவர் காய்ந்த பனைமட்டைகளை இழுத்து வந்து பரப்பி, அதன்மேல் குப்புறப் படுத்து நகர்ந்து என் அக்குளைப் பிடித்தார். ரொம்ப நேரம் ஆயிற்று. வேட்டியும் செருப்பும் குளத்துக்குப் போக, நான் மட்டும் வெளியே வந்தேன். மட்டையின் ரம்பம் மாதிரியான கருக்கு அறுத்து சாரின் இரண்டு உள்ளங்கையிலும் ரத்தம். அதைப் பார்த்துக்கொண்டே சொன்னார்: "நாளைக்குப் போர்டுல எழுதணும். பிள்ளைங்க கேட்டா விரால் புடிக்கப் போனேன்னு சொல்லவா, உங்களைப் புடிக்கப் போனேன்னு சொல்லவா?"

எந்தூரு?

ஊருக்கும் ஊருக்கும் வெட்டுக்குத்து நடந்துகொண்டிருந்த வருஷங்களும் அந்தத் தொண்ணூறுகளில் உண்டு. இரண்டு ஊருக்கு நடுவே இருந்த ஒரு குளத்தில் காலையிலிருந்து நானும் சாரும் உட்கார்ந்திருந்தோம். வயலில் ஆளே இல்லை. ரோட்டில் பஸ் சத்தமும் கேட்கவில்லை. நமக்கு நல்லதாகப் போயிற்று, மீன் கலையாது என்றுதான் பேசிக்கொண்டோம். பின்னால் காலடிச் சத்தம். நாலு பேர். முன்னால் நின்றவனுக்கு மீசை இப்போதுதான் அடர்ந்திருந்தது. ஒரு கை முதுகுக்குப் பின்னால்.

"எந்தூரு?" என்றான். வண்ணார்பேட்டை என்றேன், கடையையும் சொன்னேன். "அது கடை. சொந்த ஊரு எது? யாரு வீடு?" என்றான். அந்தக் கேள்வி சாதியைத் தெரிந்துகொள்ளத்தான் என்று திருநெல்வேலியில் பிறந்தவனுக்குச் சொல்லித்தர வேண்டாம். எந்தப் பதில் இவர்களுக்குச் சரியான பதில் என்பது மட்டும் தெரியவில்லை. சாரின் கையில் கம்பு ஆடியதால் தக்கையும் ஆடிக்கொண்டிருந்தது. "பைக்குள்ள என்ன?" என்றான் இன்னொருவன். நான் வாய் திறப்பதற்குள் பைக்குள் கையை விட்டுவிட்டான். உள்ளே மண்புழு டப்பா திறந்து கிடந்தது. கையை உதறினான். விரலில் புழு தொங்கியது. யாரும் சிரிக்கவில்லை. ஆனால் முன்னால் நின்றவன் மூச்சை விட்டான்.

"பஸ்ஸெல்லாம் நிறுத்தியாச்சு. ரோட்டு வழியா போவாதிய, வாய்க்கா கரையோட வாங்க" என்று அவனே முன்னால் நடந்தான். அப்போதுதான் முதுகுக்குப் பின்னால் அவன் பிடித்திருந்த அரிவாளைப் பார்த்தேன். அதுவும் சாரின் கம்பு மாதிரியே ஆடிக்கொண்டிருந்தது. மெயின் ரோடு வரும் வரை அவன் பின்னாலேயே நடந்தோம். போலீஸ் வேன் நிற்பது தூரத்தில் தெரிந்ததும் அவன் நின்றுவிட்டான். என் முகத்தைப் பார்க்காமல் சொன்னான்: "எங்களுக்கும் பயம்தான் அண்ணாச்சி. கரையில உக்காந்திருக்கது யாருன்னு தெரியாதுல்லா."

எருமை வால்

சீவலப்பேரியில் ஆறுகள் கூடுகிற இடத்துக்குக் கொஞ்சம் தள்ளி, நடு ஆற்றில் ஒரு பாறை. முழங்கால் தண்ணீரில் நடந்துபோய் நானும் பிச்சையா அண்ணாச்சியும் ஏறி உட்கார்ந்தோம். ஐப்பசி மாதம். எங்கள் தலைக்கு மேலே வெயில்தான். மலையில் என்ன நடக்கிறது என்று நாங்கள் யோசிக்கவில்லை. முதலில் தண்ணீர் டீ நிறத்துக்கு மாறியது. அப்புறம் நுரை, சருகு, ஒரு முழு வாழைமரம். நாங்கள் நடந்து வந்த தடத்தைத் தேடினேன். அங்கே சுழி ஓடிக்கொண்டிருந்தது.

அண்ணாச்சிக்கு நீச்சல் அத்துப்படி. "எனக்குத் தெரியாது அண்ணாச்சி" என்றேன். அவர் சுழியைப் பார்த்துவிட்டு என்னைப் பார்த்தார். "நான் மட்டும்னா போயிருவேன். உம்மையும் இழுத்துக்கிட்டு முடியாது வே" என்றார். சொல்லிவிட்டு அவர் தண்ணீரில் இறங்கவில்லை. என் பக்கத்தில் வந்து உட்கார்ந்து பீடியை எடுத்தார். தீக்குச்சி ஒன்றுகூடப் பற்றவில்லை. விரல்கள் அப்படி நடுங்கின. பாம்பின் கழுத்தில் கவையை அமுக்கிய விரல்கள். அதைப் பார்த்த பிறகுதான் எனக்கு உண்மையான பயம் வந்தது. தண்ணீர் எங்கள் பாதத்துக்கு வந்துவிட்டது.

ஆற்றில் கொஞ்சம் மேலே ஒரு திட்டில் மேய்ந்துகொண்டிருந்த எருமைகள் வெள்ளம் ஏறுவதைப் பார்த்து ஒவ்வொன்றாக இறங்கின. கரையில் நின்று ஒரு பொம்பளை அதுகளைக் குரல் கொடுத்துக் கூப்பிட்டுக்கொண்டிருந்தாள். எங்களைப் பார்த்ததும் அவள் குரல் மாறிற்று. "கடைசி எருமை வாலைப் புடிச்சுக்கிடுங்க. என்ன ஆனாலும் விட்டுராதிய." அந்த எருமை பாறையை ஒட்டி வந்தபோது அண்ணாச்சி என் இரண்டு கையிலும் வாலைத் திணித்து, சட்டைக் காலரைப் பிடித்துத் தள்ளினார். தானும் பக்கத்திலேயே நீந்தி வந்தார். மூக்கு, வாய் எல்லாம் தண்ணீர். கண்ணைத் திறக்கவே இல்லை. கால் மணலில் தட்டிய பிறகும் வாலை விடவில்லை. எருமை திரும்பி முட்டப் பார்த்தது.

கரையில் குப்புறக் கிடந்து வாந்தி எடுத்தேன். அண்ணாச்சி பக்கத்தில் உட்கார்ந்து முதுகைத் தடவிக்கொண்டிருந்தார். கரையில் நின்ற அந்தப் பொம்பளைக்கும் மேல்மூச்சு வாங்கியது. எருமைகளை எண்ணி முடித்துவிட்டு எங்களிடம் வந்தாள். "எருமை கரை சேந்துரும்னு எனக்குத் தெரியும். நீங்க இங்கன கெடக்கது உங்க வீட்டுல தெரியுமா?"

அத்தனை வருஷத்தில் நான் கரை சேர்த்த பெரிய உருப்படி எது என்று வாடிக்கையாளர்கள் இப்போதும் கேட்கிறார்கள். யோசித்துப் பார்த்தால், அது நான்தான்.