காதால் எடை பார்த்த சித்தப்பா

என் சித்தப்பாவுக்குக் காகிதத்தைப் பற்றி ஒரு மண்ணும் தெரியாது. அப்படிப்பட்டவரைத்தான் இருபத்திரண்டு வருடமாக அலுவலகத்துக்குக் காகிதம் வாங்கும் நாற்காலியில் உட்கார வைத்திருந்தார்கள். அங்கே பிரிண்டர் ஓட்டுவது நான். வீட்டில் அவர் சித்தப்பா, அலுவலகத்தில் சார்.

விற்பனையாளர் சாம்பிள் தாள்களைக் கொண்டுவந்தால், ஒவ்வொன்றையும் மூலையில் பிடித்து வலது காதோரம் உதறுவார். கண்ணை மூடிக்கொள்வார். பிறகு, "எண்பது ஜிஎஸ்எம்" என்று தீர்ப்புச் சொல்வார். ஜிஎஸ்எம் என்பது தாளின் கனம். அது கட்டின் உறையிலேயே கொட்டை எழுத்தில் அச்சாகியிருக்கும். ஆனால் படித்துத் தெரிந்துகொள்வது அவர் கௌரவத்துக்கு இழுக்கு. வருகிறவர்கள் மட்டும் லேசுப்பட்டவர்களா? "உங்க காதுக்கு முன்னாடி மெஷின் எல்லாம் எம்மாத்திரம் சார்" என்று ஐஸ் வைத்து, விற்காமல் கிடந்த சரக்கை அவர் தலையில் கட்டிவிட்டுப் போவார்கள். அலுவலகத்தில் அவருக்குக் 'காது' என்றே பெயர். அதைப் பாராட்டு என்று நினைத்துக்கொண்டிருந்தார்.

இதைவிடக் கொடுமை ஒன்று உண்டு. கட்டுகள் வந்திறங்கியதும் உறைகளையெல்லாம் கிழித்துக் குப்பையில் போட்டுவிடுவார். "பேப்பர் மூச்சு விடணும்மா. மூடியே வெச்சா புழுங்கிடும்" என்பார். மூச்சு விட்ட காகிதம் ஈரத்தைக் குடித்து, ஓரம் சுருண்டு, இரண்டிரண்டாக ஒட்டிக்கொண்டு பிரிண்டருக்குள் சிக்கும். இழுத்து இழுத்து என் நகம் தேய்ந்ததுதான் மிச்சம்.

அவருக்கு ஓய்வு பெறும் வயது வந்தது. மகள் படிப்பு முடிய இன்னும் இரண்டு வருடம் இருந்ததால் பணி நீட்டிப்புக் கேட்டிருந்தார். "இயக்குநர்கள் கூட்டத்துல உங்க பிரிவோட ஆண்டறிக்கைய வைங்க. பாத்துட்டு முடிவு பண்ணலாம்" என்றார் மேலாளர். அன்று மாலையே சித்தி எனக்குப் போன் செய்தாள். "நீ கூட இருந்து பாத்துக்கோடி. இந்த ரெண்டு வருஷம் கெடைக்கலைன்னா உன் தங்கச்சி படிப்பு பாதியில நின்னுடும்."

அவர் விட்டால்தானே பார்த்துக்கொள்ள. கூட்டத்தன்று காலை, அறிக்கையை அச்சடிக்கப் பளபளவென்று ஒரு கட்டுத் தாளோடு வந்து நின்றார். உறை வழக்கம்போல் இல்லை. ஒன்றை எடுத்துக் காதோரம் உதறிக் காட்டினார். தகரம் மாதிரிச் சத்தம்.

"கேட்டியா? இதுக்கு மேல ஒரு பேப்பர் கெடையாது."

"சார், இது மை தெளிக்கிற பிரிண்டருக்கான போட்டோ பேப்பர். நம்மளது லேசர். உள்ள ரோலர் கொதிக்கும், இந்தப் பூச்சு உருகி ஒட்டிக்கும்."

"நீ பட்டன் அழுத்தற வேலைய மட்டும் பாரு. பேப்பர் எனக்குத் தெரியும்."

"சாதாக் கட்டு ஒண்ணு பிரிக்காம ஒளிச்சு வெச்சிருக்கேன். பத்து நிமிஷத்துல அடிச்சுக் குடுத்துடறேன், சித்தப்பா."

அலுவலகத்தில் அவரை நான் சித்தப்பா என்று கூப்பிட்டது அதுதான் முதல் தடவை. முறைத்தார். தாளை அவரே அடுக்கி, பட்டனையும் அவரே அழுத்தினார்.

மூன்றாவது தாள் வெளியே வரவில்லை. கருகும் நாற்றம்தான் வந்தது. மூடியைத் திறந்தால், தாளின் பூச்சு உருகி ரோலர் முழுக்கப் பிசின் மாதிரி அப்பிக் கிடந்தது. இருந்தது அந்த ஒரு பிரிண்டர்தான். வெளியே போய் அச்சடித்து வர நேரமில்லை. சித்தப்பா கூட்டத்தில் வெறுங்கையோடு போய் நின்றார். காகிதம் வாங்குபவரிடமே காகிதம் இல்லையா என்று ஒரு இயக்குநர் கேட்டாராம். எல்லோரும் சிரித்தார்களாம். எனக்குச் சிரிப்பு வரவில்லை, பற்றிக்கொண்டு வந்தது. எழுதப் படிக்கத் தெரிந்த மனிதர்தானே, ஒரே ஒரு உறையைப் படித்தால் என்ன குறைந்துவிடும்?

நீட்டிப்பு இல்லை என்று கூட்டத்திலேயே சொல்லிவிட்டார்கள். அடுத்த வாரம் புது ரோலர் மாட்டினார்கள். அதில் நான் அச்சடித்த முதல் தாள் அவருடைய ஓய்வு உத்தரவு. அன்று காலைதான் தங்கச்சி காலேஜை விட்டுவிட்டு ஒரு துணிக்கடையில் வேலைக்குச் சேர்ந்திருந்தாள். உத்தரவை நானே கொண்டுபோய்க் கொடுத்தேன். வாசித்தார். மடிக்கப் போனவர், என்ன நினைத்தாரோ, மூலையைப் பிடித்துக் காதோரம் உதறினார். கண்ணை மூடிக்கொண்டார்.

"எண்பது" என்றார்.

"எழுபது, சித்தப்பா. நான் ஒளிச்சு வெச்ச கட்டு. உறையில போட்டிருக்கு."

இருபத்திரண்டு வருடத்தில் அவர் சொன்ன எடையை மறுத்த முதல் ஆள் நான்தான். என்னை ஒரு முறை பார்த்தார். பிறகு தாளை இடது காதுக்கு மாற்றி இன்னொரு தடவை உதறினார்.