ஆதாரம் இல்லாத தம்பி

என் அக்கா அரிச்சந்திரனுக்கு அக்காவாகப் பிறந்திருக்க வேண்டியவள். என் போதாத காலம், எனக்கு அக்காவாகப் பிறந்தாள்.

பல்கலைக்கழகத் தேர்வுப் பிரிவில் அவளுக்கு வேலை. மறுகூட்டலுக்கு வரும் விடைத்தாள்களில் மதிப்பெண்களைப் பென்சிலால் கூட்டிப் பார்ப்பாள். தெரிந்தவர் பிள்ளையின் தாள் வந்துவிட்டால், "இது எங்களுக்கு வேண்டியவங்களோடது, நீங்க பாருங்க" என்று எழுந்துபோய்ப் பக்கத்து மேசையில் வைத்துவிட்டு வருவாள். வேண்டியவர்கள் யாரும் இரண்டாம் தடவை அவளிடம் போனதில்லை.

சாயங்காலம் வீட்டுக்கு வந்தால் சாப்பாட்டு மேசையில் மடிக்கணினியைத் திறந்துகொண்டு இணையக் கலைக்களஞ்சியத்தில் உட்கார்ந்துவிடுவாள். யார் வேண்டுமானாலும் எழுதலாம், யார் வேண்டுமானாலும் திருத்தலாம் என்கிறார்களே, அதுதான். சம்பளம் கிடையாது, வசவு மட்டும் தாராளமாக உண்டு. அதையும் சொந்தப் பெயரில், சொந்தப் படத்தோடு வாங்கிக்கொள்வாள். முகத்தை மூடிக்கொண்டு நியாயம் பேசக் கூடாதாம்.

அவள் பார்த்துக்கொண்ட பக்கங்களில் ஒன்று, ஒரு அரசியல் விமர்சகருடையது. அவர் குரலுக்காக வீட்டில் அவருக்கு வெண்கலம் என்று பெயர். தினமும் தன் சேனலில் யாரையாவது கிழித்துத் தொங்கவிடுவார். ரசிகர்கள் அந்தப் பக்கத்தில் 'மக்களின் மனசாட்சி' என்று எழுதுவார்கள். ஆகாதவர்கள் 'விலைபோன வாய்' என்று எழுதுவார்கள். அக்கா இரண்டையும் அழிப்பாள். அவர் வாங்கிய விருதும் இருக்கும், அவதூறு வழக்கில் கட்டிய அபராதமும் இருக்கும்.

"ரெண்டு பக்கமும் திட்றாங்கன்னா நான் நடுவுல நிக்கறேன்னு அர்த்தம்டா" என்பாள்.

"ரெண்டு பக்கமும் திட்றாங்கன்னா ரெண்டு பக்கமும் திட்றாங்கன்னுதான் அர்த்தம்" என்பேன். சிரிப்போம். அதெல்லாம் ஒரு காலம்.

அப்போது நான் வேறு ஊரில், ஒரு ஆஸ்பத்திரியின் மருந்துக் கிடங்குப் பொறுப்பாளர். ஒரு நாள் வெண்கலம் எங்கள் கிடங்கை எடுத்துக்கொண்டார். காலாவதியான மருந்தில் புதுத் தேதி ஒட்டுகிறார்களாம், பொறுப்பாளர்தான் மூளையாம். பெயர் சொல்லவில்லை. ஆனால் அங்கே பொறுப்பாளர் நான் ஒருத்தன்தானே! எட்டு மாதம் விசாரணை நடந்தது. கடைசியில் என் மேல் எந்தத் தப்பும் இல்லை என்று ஒரு பக்கக் கடிதம் கொடுத்தார்கள். வெண்கலம் அந்த வீடியோவைச் சத்தமில்லாமல் எடுத்துவிட்டார். மன்னிப்பு இல்லை. ஒரு பத்திரிகையிலும் ஒரு வரி இல்லை. நான் நடந்து வந்தால் வராந்தாவில் பேச்சு நின்றுவிடும். பொறுக்க முடியாமல் வேலையை விட்டேன். அக்கா வீட்டு மாடிக்கு வந்து, ஒரு மருந்துக் கடையில் பில் போட உட்கார்ந்தேன். இந்த ஊரில் யாருக்கும் என் கதை தெரியாது.

எனக்கு ஒரே ஒரு ஆசைதான். வெண்கலத்தின் பக்கத்தில் ஒரு வரி: அந்தக் குற்றச்சாட்டு பொய் என்று விசாரணையில் தெரிந்தது. கடிதத்தை அக்கா முன்னால் வைத்தேன்.

"இது எங்கயும் வெளியானது இல்லையேடா. இதை ஆதாரமா காட்ட முடியாது."

"நீயே படிச்சல்ல? பொய்யா இது?"

"நிஜம்தான். நாளைக்கு வேற ஒருத்தன் அவரைப் பத்தி ஒரு கடிதத்தைத் தூக்கிட்டு வருவான். அதையும் போடணுமா?"

நானே ஒரு கணக்கு தொடங்கி எழுதினேன். பதினோரு நிமிடத்தில் அழித்துவிட்டாள். 'ஆதாரம் இல்லை' என்று காரணமும் எழுதியிருந்தாள். கீழே இறங்கிப் போய் வாய்க்கு வந்தபடி கத்தினேன். அழுதாள். ஆனால் அந்த வரியைத் திரும்பப் போடவில்லை.

அடுத்த வருடம் வெண்கலம் தன் வரலாற்றைப் புத்தகமாகப் போட்டார். அதில் ஒரு பத்தி என்னைப் பற்றி: கிடங்கு மோசடியை அவர் அம்பலப்படுத்தினாராம், பொறுப்பாளர் வேலையை விட்டே ஓடினாராம். அப்போதும் பெயர் இல்லை. ஒரு ரசிகர் அதைப் பக்க எண்ணோடு களஞ்சியத்தில் ஏற்றினார். அச்சான புத்தகம், அசைக்க முடியாத ஆதாரம்.

அக்கா ஒரு நாள் முழுக்கச் சாப்பிடவில்லை. பிறகு தேர்வுப் பிரிவில் செய்வதையே இங்கேயும் செய்தாள். அந்தப் பக்கத்துக்கான விவாதப் பகுதியில் எழுதினாள்: 'நூலில் குறிப்பிடப்படும் பொறுப்பாளர் என் உடன்பிறந்த தம்பி. எனவே இப்பக்கத்தில் இனி நான் எதையும் திருத்த மாட்டேன். மற்றவர்கள் சரிபார்க்கவும்.'

படியேறி வந்து சொன்னாள். "முறையா பண்ணிட்டேன்டா. இனி நாலு பேர் நடுநிலையா பார்ப்பாங்க." அவள் முகத்தில் அத்தனை நிம்மதி. முட்டாள் நானும் சந்தோஷப்பட்டேன்.

வந்தார்கள் நாலு பேர். மூன்றாம் நாள், கடை வாசலுக்கு, கையில் போனோடு. அவள் பெயரும் படமும்தான் ஊரறிய இருக்கிறதே, அவள் தம்பியைக் கண்டுபிடிக்க எவ்வளவு நேரமாகும்? "சார், தேதி பார்த்துத்தான் குடுக்கறீங்களா?" என்று கேட்டுக் கேட்டு வீடியோ எடுத்தார்கள்.

முதலாளி நல்ல மனிதர். "எனக்கு உங்களைத் தெரியும் சார். மருந்து வாங்க வர்றவங்களுக்குத் தெரியாதே. கொஞ்ச நாள் வராம இருங்க" என்றார். கொஞ்ச நாள் என்றால் எத்தனை நாள் என்று நான் கேட்கவில்லை.

ஒரு நிருபர் போன் செய்தார். கடிதத்தை முழுசாகப் படித்துக் காட்டினேன். செய்தி வந்தது, என் பெயரோடு. விசாரணையில் தன் மீது தவறில்லை என முடிவானதாக அவர் கூறுகிறார் என்று முடித்திருந்தார்கள். அன்று மத்தியானமே அது களஞ்சியத்தில் ஏறிவிட்டது. வெண்கலம் மோசடியை அம்பலப்படுத்தினார். நான் என்னவோ கூறுகிறேன்.

அக்கா மேசையில் மடிக்கணினியை மூடிவைத்துவிட்டு உட்கார்ந்திருந்தாள்.

"விசாரணையே சொன்னதுன்னு மாத்துக்கா. கடிதத்தை நீ கண்ணால பார்த்திருக்க. இந்த ஒரு தடவை."

அவள் என்னை நிமிர்ந்து பார்க்கவில்லை. "அந்தப் பக்கத்துல கை வைக்க மாட்டேன்னு எழுதிக் குடுத்துட்டேனேடா" என்றாள்.

சரிதான். அவள் சொன்னது என்றைக்குத் தப்பாக இருந்திருக்கிறது? மறுநாள் வேறு வீடு பார்க்கக் கிளம்பினேன். பெயரைக் கேட்டதும் இரண்டு வீட்டுக்காரர்கள் யோசித்துச் சொல்வதாகச் சொன்னார்கள்.