ஜல்லி உடைக்கத் தெரிந்தவள்

நடிப்பை எங்கே கற்றுக்கொண்டீர்கள் என்று என்னிடம் கேட்டவர்கள் ஐந்தாறு பேர் இருப்பார்கள். நான் ஒன்றும் பெரிய நடிகை இல்லை. நடித்ததெல்லாம் சின்னப் படங்கள். பாட்டு கிடையாது, சண்டை கிடையாது, பாதிப் படங்கள் கொட்டகைக்கே வந்து சேரவில்லை. ஆனாலும் கேட்கிறார்கள். நரிக்குடி ரோட்டில் ஜல்லி உடைத்துக் கற்றுக்கொண்டேன் என்பேன். சிரிப்பார்கள். சிரிக்கிறவர்களுக்கு உட்கார்ந்து விளக்கம் சொல்லும் பொறுமை எனக்கு இல்லை. எழுதிவிட்டால் ஒரே தடவையோடு முடிந்துபோகும்.

எழுபதுகளின் தொடக்கம். எனக்குப் பத்தொன்பது வயது. பரளச்சியில் வருடக்கணக்காக மழை ஏமாற்றிக்கொண்டிருந்தது. எங்கள் வீட்டுக்கு எட்டு குறுக்கம் மானாவாரி நிலம் உண்டு. விதைத்த கம்பு முளைத்துக் காய்ந்தது, மறு வருடம் முளைக்கவே இல்லை. நிலம் உள்ள வீடு என்பதால் நாங்கள் கூலிக்குப் போகக் கூடாது. கூலிக்குப் போகாததால் அடுப்பில் வைக்க ஒன்றும் கிடையாது. இதில் என்ன கௌரவம் என்று அப்போதும் எனக்குப் புரியவில்லை, இப்போதும் புரியவில்லை.

அந்தச் சமயத்தில் நரிக்குடிக்கு அந்தப்பக்கம் பஞ்ச நிவாரண வேலை என்று சர்க்கார் ரோடு போட ஆரம்பித்தது. எங்கள் ஊர்க் கண் படாத தூரம். அம்மா, அண்ணன், நான் மூன்று பேரும் காலை முதல் பஸ்ஸில் கிளம்பினோம். தெருவில் கேட்டால் சொந்தக்காரர் வீட்டு விசேஷம் என்று பதில். அதற்காக நல்ல சேலை கட்டி, பூ இல்லாவிட்டாலும் எண்ணெய் வைத்துத் தலைசீவிப் போவோம். பஸ்ஸைவிட்டு இறங்கியதும் வேலிக்கருவை மறைவில் கந்தல் சேலைக்கு மாறுவோம். சாயங்காலம் மறுபடி நல்ல சேலை. வாரத்தில் ஆறு நாள் விசேஷத்துக்குப் போகிற குடும்பத்தை எந்த ஊர் நம்பும்? எங்கள் ஊர் நம்பியது, அல்லது நம்பியதுபோல இருந்தது.

முதல் நாள் ஓவர்சீயர் ஆட்களின் பெயரை எழுதிக்கொண்டே வந்தார். அம்மாவிடம், "எந்த ஊரு?" என்றார்.

"திருச்சுழி" என்றாள் அம்மா. கண்ணைக்கூட இமைக்கவில்லை.

ஜல்லி உடைப்பது பார்க்கத்தான் முரட்டு வேலை. கயிற்றைச் சுற்றிச் செய்த வளையத்துக்குள் கல்லை வைத்து அடிக்க வேண்டும். இல்லையென்றால் சில்லு கண்ணுக்கு வரும். விரலுக்குப் பழைய சைக்கிள் டியூப்பை வெட்டி மாட்டிக்கொள்ள வேண்டும். சுத்தியலைத் தோள்பட்டையிலிருந்து ஓங்கினால் பத்து மணிக்கே கை செத்துவிடும், மணிக்கட்டை ஆட்டினால் போதும். இதை யாரும் சொல்லித் தரவில்லை. வலி சொல்லித் தந்தது. கூலியில் ஒரு பங்கு கோதுமையாகக் கொடுத்தார்கள். கோதுமை வாசனை தெருவுக்குப் போய்க் காட்டிக்கொடுக்குமென்று அம்மா அதை இருக்கிற கம்போடு கலந்து அரைத்தாள்.

அய்யா வேலைக்கு வரவில்லை. வெளுத்த வேட்டி கட்டிக்கொண்டு ஊர்ச் சாவடியில் போய் உட்காருவார். வீட்டில் எல்லாம் சரியாக இருக்கிறது என்று ஊருக்குக் காட்டுவது அவர் வேலை. அதை மனசாரச் செய்தார். எனக்கு அவர்மேல் இருந்த கோபம் இன்னும் முழுசாகப் போகவில்லை.

அடுத்த கோடையில் ஏழு பேர் மெட்ராசிலிருந்து ஒரு கேமராவோடு எங்கள் ஊரில் வந்து இறங்கினார்கள். பஞ்சத்தைப் பற்றிப் படம் எடுக்கிறார்களாம். ஸ்டூடியோ கிடையாது, பெரிய நடிகர் கிடையாது. லீவு விட்டிருந்த பள்ளிக்கூடத்தில் தங்கினார்கள். டைரக்டருக்கு முப்பது வயது இருக்கலாம். சினிமாவைப் படித்துவிட்டு யாரிடமும் வேலைக்குப் போகாமல் தானே எடுக்க வந்தவர். கதாநாயகி ஒருத்தியைக் கூட்டிவந்திருந்தார், மெட்ராஸ் நாடகங்களில் நடித்த பெண். ஊருக்கு வெளியே ஜல்லியைக் குவித்து, கயிறு கட்டி, எங்களையெல்லாம் கயிற்றுக்கு இந்தப்பக்கம் நிறுத்தினார்கள்.

அந்தப் பெண் சுத்தியலைப் பிடித்த விதம் எனக்குப் பொறுக்கவில்லை. கரண்டியைப் பிடிக்கிற மாதிரி பிடித்திருந்தாள். அவள்மேல் தப்பில்லை, அவளுக்கு யார் சொன்னார்கள்? மூன்றாவது அடியில் கட்டைவிரல் நகம் பிய்ந்து ரத்தம் வந்தது. நான் கயிற்றைத் தாண்டிப் போனேன். அவள் விரலைத் துணியால் கட்டிவிட்டு, "இப்பிடிம்மா" என்று உட்கார்ந்து நாலு கல்லை உடைத்துக் காட்டினேன். கல்லு நாலும் சொன்னபடி கேட்டு உடைந்தது. நிமிர்ந்தால் ஊரே என் கையைப் பார்த்துக்கொண்டு நிற்கிறது.

"ஏலே, இவ எங்க படிச்சா?" என்று யாரோ யாரிடமோ கேட்டார்கள்.

அந்தப் பெண் கையில் கட்டோடு மெட்ராசுக்குத் திரும்பினாள். டைரக்டர் எங்கள் வீட்டுக்கு வந்து, "நீங்க நடிக்கிறீங்களா?" என்றார். அய்யா முடியாது என்றார். பந்தல்குடியில் எனக்கு ஒரு சம்பந்தம் பேசிக்கொண்டிருந்தார்கள். கல்லுடைக்கிற வேஷத்தில் பெண்ணைப் பார்த்தால் அவர்கள் வாசல்படி ஏறுவார்களா என்பது அவர் கவலை. "எட்டு குறுக்கம் நெலம் உள்ள வீட்டுப் பொம்பளப்புள்ள ரோட்டுல உக்காந்து கல்லு ஒடைக்கிறதா? நாளைக்கு நான் எப்பிடிச் சாவடியில போய் உக்காருவேன்?"

"போன வருசம் வயிறாரத் தின்னீகளேய்யா, அந்தக் கோதுமை எங்கேருந்து வந்துச்சுன்னு நெனச்சீக?" என்றேன்.

அறை விழும் என்று நினைத்தேன். விழவில்லை. அவர் என்னோடு பேசுவதை நிறுத்தினார். அம்மா முறத்தை எடுத்துப் புடைக்க உட்கார்ந்தாள். மறுநாள் காலை நானே நடந்து பள்ளிக்கூடத்துக்குப் போனேன். ஊரில் கேட்டவர்களுக்கு அய்யா ஒரு பதில் தயார் செய்துவைத்திருந்தார்: "எல்லாம் அந்தப் படக்காரவுக சொல்லிக் குடுத்ததுதேன். நடிப்பு."

முதலில் எனக்கு நடிப்பே வரவில்லை. டூரிங் கொட்டகையில் பார்த்த நாயகிகளை நினைத்து முகத்தைச் சுளித்தேன், உதட்டைக் கடித்தேன், பெருமூச்சு விட்டேன். டைரக்டர் ஒருநாள் பொறுத்தார். அப்புறம் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, "இந்தக் கை உங்களோடது. இந்த மூஞ்சி யாரோடது?" என்று கேட்டார். எனக்கு வந்த ஆத்திரத்தில் அவரைப் பார்க்காமல் கல்லை உடைக்க ஆரம்பித்தேன். "இது போதும். இதை விட்டுறாதீங்க" என்றார். அன்றைக்குத்தான் விஷயம் பிடிபட்டது. கை வேலையில் இருந்தால் முகம் தன் வேலையைத் தானே பார்த்துக்கொள்ளும்.

அவர்களிடம் பிலிம் கொஞ்சமாகத்தான் இருந்தது. அதனால் கேமராவை ஓடவிடாமலே இருபது தடவை செய்துபார்ப்போம். இருபது தடவையும் ஒரே கல், ஒரே கை, முந்தானை ஒரே பக்கம். அலுத்துப்போகும். அலுப்புக்கு அப்புறம் ஒன்று வரும். அதற்காகத்தான் அவர் காத்திருப்பார். காசு உள்ள கம்பெனியில் போய் நின்றிருந்தால் எனக்கு இது கிடைத்திருக்காது.

பேச்சுவாக்கில் அம்மா சொன்ன பொய்யை அவரிடம் சொல்லிவிட்டேன். மறுநாள் அது காட்சியாகிவிட்டது. ஓவர்சீயர் வந்து எந்த ஊர் என்று கேட்பார். நான் திருச்சுழி என்று பொய் சொல்ல வேண்டும். ஓவர்சீயராக நடித்தவர் எங்கள் ஊர் மளிகைக்கடை அண்ணாச்சி. நான் பிறந்த நாளிலிருந்து என்னைத் தெரிந்தவர். ஒத்திகையில் இருபது தடவை அவரிடம் திருச்சுழி என்று சொன்னேன். இருபது தடவையும் அவர் உதட்டோரம் சிரித்தார்.

கேமரா ஓட ஆரம்பித்தது. மாவு மில் மாதிரி இரைச்சல். "எந்த ஊரு?" என்றார் அண்ணாச்சி. தூரத்து வரப்பில் வெள்ளை வேட்டியோடு, குடை பிடித்துக்கொண்டு அய்யா நிற்பது தெரிந்தது.

"பரளச்சி" என்றேன். "எட்டு குறுக்கம் நெலம் இருக்கு. மழதான் இல்ல."

அண்ணாச்சிக்குச் சிரிப்பு நின்றுபோனது. கேமராவும் நின்றது. "ஏன் மாத்தினீங்க?" என்று டைரக்டர் கேட்டார். "அந்தப் பொய் வாயில வரல" என்றேன். மறுபடி எடுக்க அவரிடம் பிலிம் இல்லை. தலையைச் சொறிந்துகொண்டு நின்றவர், பரவாயில்லை, டப்பிங்கில் திருச்சுழி என்று மாற்றிக்கொள்ளலாம் என்றார். டப்பிங் என்றால் என்ன என்று அன்றுதான் தெரிந்தது. கேமராவில் சத்தம் ஏறவில்லையாம். மெட்ராசில் வேறொரு பெண் என் உதட்டைப் பார்த்துப் பேசுவாளாம்.

"என் வாயில இன்னொருத்தி பேசுவாளா?"

"பெரிய ஹீரோயின்களுக்கே அப்படித்தாங்க."

கயிற்றுக்கு வெளியே நின்றவர்கள் காதில், அந்த இரைச்சலில், நான் சொன்னது விழவில்லை. அண்ணாச்சி மட்டும் அய்யாவிடம் போய்ச் சொல்லிவிட்டார். குரல் பதிவாகவில்லை என்பதையும் அவரே சொன்னார், அய்யாவுக்கு மூச்சு திரும்பியது. பந்தல்குடிக்காரர்கள் எதுவும் சொல்லாமலே வருவதை நிறுத்திக்கொண்டார்கள். போகட்டும் என்று இருந்துவிட்டேன்.

நாலைந்து மாதம் கழித்துக் கடிதம் வந்தது. குரல் கொடுக்க வந்த பெண் ஒரு நாள் முழுக்கத் திருச்சுழி என்று பேசிப்பார்த்தும் அந்த ஒரு காட்சி ஒட்டவில்லையாம். பரளச்சி என்று தொடங்க உதடு இரண்டும் ஒட்டிப் பிரிய வேண்டும். திருச்சுழிக்கு உதடு ஒட்டுவதே இல்லை. என்னையே வரச்சொல்லியிருந்தார்கள். அய்யா அத்தனை மாதம் கழித்து என்னோடு பேசினார். "போ. போயி எப்பிடியாவது திருச்சுழின்னு பொருத்திச் சொல்லிட்டு வா. நம்ம மானம் உன் கையிலதேன் இருக்கு." காவலுக்கு அண்ணனை அனுப்பினார். அருப்புக்கோட்டையில் ரயிலேறி மெட்ராஸ் போய்ச் சேரும்வரை, "மறந்துறாதத்தா, திருச்சுழி" என்று அண்ணன் சொல்லிக்கொண்டே வந்தான்.

இருட்டறையில் திரை. அந்தத் துண்டுப் படத்தை மட்டும் திரும்பத் திரும்ப ஓட்டினார்கள். என் முகத்தை முதல்முதலாக அவ்வளவு பெரிசாகப் பார்த்தேன். வெயிலில் கருத்து, காது மடலெல்லாம் தூசி படிந்து இருந்தேன். அழகாக இல்லை, ஆனால் பார்க்கப் பிடித்தது. நாற்காலியில் உட்கார்ந்து பேசினால் குரல் படத்தோடு சேரவில்லை. திரையில் இருப்பவளுக்கு மூச்சு இரைக்கிறது, எனக்கு இரைக்கவில்லை. நாற்காலியைத் தள்ளிவிட்டுத் தரையில் குந்தினேன். மைக்கைக் கீழே இறக்கச் சொன்னேன். கையில் சுத்தியல் இருப்பதுபோல மூச்சு வாங்கும்வரை தரையில் குத்தினேன்.

பேசுவதற்கு முன்னால் டைரக்டர் பக்கத்தில் வந்தார். "இப்பவும் சொல்றேன், அந்தப் பொய்தான் இந்தக் காட்சிக்கு உயிர். நீங்க நினைச்சா திருச்சுழியப் பொருத்திடலாம். பாக்கிறவங்களுக்கு நெஞ்சு வலிக்கும்."

"வலிக்கணும்னா எங்கம்மாவக் கூட்டியாந்திருக்கணும். எனக்குப் பொய் சொல்லத் தெரியாது" என்றேன்.

இன்று யோசித்தால் அவர் சொன்னதில் கலை இருந்தது. இருந்துவிட்டுப் போகட்டும். உதடு பிரிகிற நேரத்துக்கு ஒரு மூச்சு முன்னாலேயே தொண்டை அசைவது திரையில் தெரிந்தது, அதைப் பிடித்துக்கொண்டேன். பரளச்சி என்று தொடங்கி முழுசும் சொன்னேன். கண்ணாடிக்கு அந்தப்பக்கம் அண்ணன் எழுந்து நிற்பது தெரிந்தது. ஒரே தடவையில் ஒட்டிவிட்டது.

ஊர் வரும்வரை அண்ணன் என்னைத் திட்டவில்லை. வீட்டுக்குள் நுழைந்ததும் அய்யா கேட்டார். "திருச்சுழின்னுதான் சொன்னா" என்றான் அண்ணன். அவனும் என்னோடு கல்லுடைத்தவன்தானே. நான் மறுத்துப் பேசவில்லை. அய்யா நிம்மதியாகச் சாவடிக்குப் போனார், அம்மா அடுப்படிக்குப் போனாள்.

படம் எங்கெங்கோ சுற்றிவிட்டு அருப்புக்கோட்டை தியேட்டர் ஒன்றில் மூன்று நாள் காலைக்காட்சியாக ஓடியது. பரளச்சியிலிருந்து ஒரு பஸ் ஆட்கள் போனோம். பயப்பட இனி ஒன்றுமில்லை என்று அய்யாவும் வந்தார். பெண்கள் பக்கம் அம்மா என்னை ஒட்டி உட்கார்ந்தாள். நடைவழிக்கு அந்தப்பக்கம், எங்களுக்கு இரண்டு வரிசை முன்னால் அய்யா. அம்மாவிடம் உண்மையைச் சொல்லிவிடலாமா என்று பல தடவை வாயெடுத்தேன், தைரியம் வரவில்லை. ஊரையே எதிர்த்து நின்றவளுக்கு அம்மாவிடம் பயம்.

அந்தக் காட்சி வந்தது. திரையில் நான் கல்லை உடைக்கிறேன். அம்மா தன் வலது கையை இடது கையால் அழுத்திப் பிடித்துக்கொண்டாள். அண்ணாச்சி வந்து நின்று, "எந்த ஊரு?" என்றார்.

"பரளச்சி" என்றாள் அம்மா. திரையில் என் குரல் வருவதற்குள் சொல்லிவிட்டாள், கொட்டகை முழுக்கக் கேட்கும்படி. அடுத்த கணம் நானும் திரையிலிருந்து அதையே சொன்னேன்.

அய்யா திரும்பிப் பார்த்தார். அவரோடு சேர்ந்து அந்த வரிசையே திரும்பியது. அம்மா தலையைக் குனியவில்லை.

"என்ன பாக்குறீக? அவன் கேட்டான், நான் சொன்னேன்."