எல்லாரும் சேர்ந்து வாசிக்கும் வகுப்பில் கவிதா

என்னோடு படித்த சுமதி, பூவரசங்குளத்துக்கு அப்பால் ஒரு சின்னப் பள்ளிக்கூடத்தில் ஆசிரியை. மூன்று, நான்கு, ஐந்தாம் வகுப்புகளை ஒரே மண்டபத்தில் தனியாளாகப் பார்க்கிறாள். கதைப் புத்தகங்கள் கொண்டுவரச் சொல்லி ஆறு மாதமாகக் கேட்டுக்கொண்டிருந்தாள். திருகோணமலையிலிருந்து நான் கிளம்பியது பெப்ரவரியில்தான்.

முதல் நாளே வவுனியா வந்து தங்கி, காலை ஆறேகாலுக்கு மன்னார் பஸ் பிடித்தேன். பூவரசங்குளம் சந்திக்கு அரை மணித்தியாலத்துக்குச் சற்றுக் கூட. அங்கிருந்து ஐந்து கிலோமீற்றர் ஓட்டோ. பெட்டியைத் தூக்கிய ஓட்டோக்காரர், "புத்தகமோ? நான் தேங்காயெண்டெல்லோ நினைச்சன்" என்றார். கடைசி ஒரு கிலோமீற்றர் சரளை பரவிய கிறவல் பாதை. மழை பெய்தால் நடைதான்.

முதல் பாடம் வாசிப்பு. ஒரு பிள்ளை முன்னால் நின்று ஒரு வரி சொல்ல, மற்றவர்கள் ஒரே குரலில் திருப்பிச் சொல்வது அங்கே வழக்கம். கேட்க நன்றாகவே இருந்தது. ஐந்தாம் வகுப்புக் கவிதாவின் குரல் எல்லாவற்றுக்கும் மேலே நின்றது. அது முடிந்ததும் சுமதி, யாரும் முன்பு பார்த்திராத, நான் கொண்டுபோன புத்தகங்களை எடுத்து, ஒவ்வொரு பிள்ளையாகத் தன் மேசையருகே கூப்பிட்டு வாசிக்க வைத்தாள். மூன்றாம் வகுப்புச் சிறுமி ஒருத்தி ஒரு பக்கத்தைத் தடங்கலில்லாமல் முடித்தாள். கவிதா முதல் சொல்லிலேயே நின்றுவிட்டாள். பாடப்புத்தகம் முழுவதையும் அவள் காதால் கேட்டு மனப்பாடம் செய்திருக்கிறாள். எழுத்துகள் பாதிகூடத் தெரியவில்லை.

அதன்பின் வகுப்பைப் பார்க்காமல், வாசிப்பைப் பார்த்துப் பிள்ளைகளைப் பிரித்தாள் சுமதி. சின்னவர்களோடு பாயில் இருக்கச் சொன்னதும் கவிதா பையைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்கு ஓடிவிட்டாள்.

"போன வருசமும் ஒருத்தி இப்பிடித்தான் போனவள். பிறகு வரவேயில்லை" என்று சொல்லிச் சுமதி கதிரையில் உட்கார்ந்துவிட்டாள். இடைவேளைக்கு அவள் தேநீர்கூடக் குடிக்கவில்லை.

இடைவேளை முடிய, கவிதாவைக் கையில் பிடித்தபடி அவளுடைய தாய் வந்தார். நெல் வெட்டிலிருந்து நேரே வந்திருந்தார், காலில் சேறு.

"ஏன் ரீச்சர் என்ர பிள்ளையைச் சின்னனுகளோட இருத்தினனீங்கள்?"

"பிள்ளைக்கு வாசிக்கத் தெரியேல்லை அம்மா. பிழை என்ரதான். எல்லாரோடயும் சேந்து சொல்லேக்க அவளின்ர சத்தத்தைக் கேட்டு நம்பியிட்டன்."

தாய் மகளைத் திரும்பிப் பார்த்தார். பிறகு மெதுவாகச் சொன்னார்: "நானும் அப்பிடிச் சொல்லிச் சொல்லித்தான் எட்டாம் வகுப்பு மட்டும் வந்தனான் ரீச்சர். இண்டைக்கும் மருந்துத் துண்டை ஆரிட்டயாவது குடுத்து வாசிப்பிச்சுத்தான் கேக்கிறன்."

மகளின் கையை விட்டார். "போ. போய்ப் பாயில இரு."

இப்படிப் பள்ளிக்கூடங்களுக்குப் போக நினைப்பவர்களுக்குச் சில வார்த்தைகள். ஏழரைக்கு முன் போய்ச் சேருங்கள். ஒன்றரைக்குப் பிள்ளைகள் போய்விடுவார்கள். திரும்பி வரும் ஓட்டோவுக்குக் காலையிலேயே சொல்லி வையுங்கள். எந்தப் பிள்ளையையும் எல்லார் முன்னாலும் எழுப்பி வாசிக்கச் சொல்லாதீர்கள். பெரிய எழுத்தில், பக்கத்துக்கு ஒரு வரி உள்ள புத்தகங்களே அதிகம் தேவைப்படும்.

புறப்படும்போது, மகளைக் கூட்டிப்போக வந்த அந்தத் தாய், அவள் கையிலிருந்த அப்படியொரு புத்தகத்தைக் காட்டி என்னிடம் தாழ்ந்த குரலில் கேட்டார்: "இதில எனக்கும் ஒண்டு இருக்கோ?"

என்னிடம் இருந்தது அந்த ஒன்றுதான். நீங்கள் போனால், எதிலும் இரண்டு எடுத்துச் செல்லுங்கள்.