வைக்கோலுக்குள் மகள்

கள்ளைக் குழந்தை குடித்தால் தகப்பனுக்கு ஆறு மாசம் ஜெயில் என்று 1950களில் நான் நம்பினேன். கொழிஞ்சாம்பாறைச் சந்தையில் வெற்றிலைக்காரர் சொன்ன சட்டம் அது.

எங்கள் தென்னந்தோப்பில் சுண்ணாம்பு தடவிய கலயத்தில் இறங்குவது தெளுவு, புளிக்காத பதநீர்; அது குழந்தைகளுக்கு. தடவாத கலயத்தில் இறங்குவது கள், அது கடைக்கு. ஒரு காலையில் வாயடித்துக்கொண்டே கலயத்தை மாற்றி எடுத்து, ஆறு வயது மகளுக்கு ஊற்றினேன்.

"புளிக்குதுங்கப்பா."

"மகாராணிக்குச் சக்கரை போடோணுமாக்கும்? குடி சாமி!"

இரண்டு டம்ளர் குடித்தவள் சற்று நேரத்தில் துவண்டு விழுந்தாள். அப்போது பார்த்து வேலியோரம் ஒரு போலீஸ்காரர் சைக்கிளை நிறுத்தி இளநீர் கேட்டார். என் வீரத்தைக் கேளுங்கள்: மகளை வைக்கோல் போருக்குள் ஒளித்துவிட்டு ஓடிப்போய் இளநீர் வெட்டினேன். அவர் கேட்டது ஒன்று, நான் வெட்டியது நான்கு. யாரும் கேட்காமலே, "எங்க ஊட்ல கொழந்தையே இல்லீங்க" என்றும் சொல்லிவைத்தேன்.

வைக்கோல் முனகியது.

"யாருய்யா உள்ளே?"

கேட்டுக்கொண்டே அவர் வைக்கோலை விலக்கினார். "புளிக்குதுங்கப்பா" என்ற மகளின் குரல் இன்றும், டம்ளரைக் கையில் எடுத்தால் கேட்கிறது.

அவள் பிழைத்தாள். என்னை யாரும் பிடிக்கவில்லை. நான் ஒளித்துவைத்த மகளைப் போலீஸ்காரர்தான் தோளில் போட்டுக்கொண்டு பக்கத்துச் சித்தூர் ஆஸ்பத்திரிக்குச் சைக்கிள் மிதித்தார். நான் அரிவாளோடு தோப்பிலேயே நின்றேன்.